ஒட்ட வேண்டிய எலும்பு

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இதை உக்காந்து படி. நின்னுக்கிட்டுப் படிச்சா முட்டிவலி தலைக்கு ஏறி, அந்தக் கோவமும் சேர்ந்து என் மேல விழும்.

உன் ஆபரேஷனுக்குக் கூட இருக்க லீவு கேட்டு மனு போட்டேன் இல்லையா, அது போச்சு. கிடைச்ச மாதிரிதான் இருந்தது. ஜெயில் சூப்பரிண்டெண்ட் சாரே, "கசாப்புக்காரா, ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வா"ன்னு சிரிச்சார். மறுநாள் லாரிக்காரனோட தம்பியை எங்க பிளாக்குக்கு மாத்தினாங்க. டீசல் திருடி உள்ள வந்தவன். சாப்பாட்டு வரிசையில என் பின்னாடி நின்னு காதுக்குள்ள பேசினான். "உங்க அக்கா இன்னும் வாத்து மாதிரிதான் நடக்கிறாளாமே. எங்க அண்ணன் ஒதைச்சது ஒரு ஒதை. அதுக்கே இப்படியா?"

தட்டை வச்சு அடிச்சேன். தட்டு வளைஞ்சது. அப்புறம் அவன் காது என் பல்லுக்கு நடுவுல இருந்தது. எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியாது. மூணு வார்டர் சேர்ந்து என் தாடையைப் பிரிச்சாங்க. எனக்கும் முன்பல் ஒண்ணு போயிடுச்சு.

தனியறையில போட்டிருந்தாங்க, நேத்துதான் வெளிய விட்டாங்க. திட்டணும்னா திட்டு. ஆனா பதில் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 14

டேய்,

உக்காந்துதான் படிச்சேன். இப்ப நிக்கவே முடியாதுன்னுதானே ஆபரேஷன். அதுகூட மறந்துபோச்சா உனக்கு?

எனக்கு ஆத்திரம் வரலை. சிரிப்புதான் வந்தது. அந்த லாரிக்காரன் நடுரோட்டுல என் பஸ்ஸை மறிச்சு, என்னைக் கீழ இழுத்துப் போட்டு முட்டியில ஒதைச்சப்ப நான் உன்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னேன். "போலீஸுக்குப் போறேன், நீ சும்மா இரு." நீ சும்மா இருந்தியா? கடைக் கத்தியைத் திருப்பிப் பிடிச்சு அவன் வலது கையை மாவா ஆக்கிட்டு வந்து நின்ன. என் கேஸ் காத்துல போச்சு, உன் கேஸ் நின்னுச்சு. முட்டிக்குள்ள கிழிஞ்ச ஜவ்வை எடுத்தாங்க. அதுலயிருந்து உள்பக்கம் தேய்ஞ்சு தேய்ஞ்சு, கால் வில்லு மாதிரி வளைஞ்சதுதான் மிச்சம். இப்ப கிளட்ச்சை மிதிச்சா கண்ணுல தண்ணி வருது. பயணிகள் பார்க்கக்கூடாதுன்னு கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டுறேன்.

டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினாங்க. இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் முழுக்காலையும் நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரே. "உன் பாரம் மொத்தமும் முட்டியோட உள்பக்கத்துல விழுது. வெளிப்பக்கம் இன்னும் புதுசா இருக்கு. அதனாலதான் உனக்கு இந்த ஆபரேஷன். ரெண்டு பக்கமும் தேய்ஞ்சிருந்தா செய்யமாட்டேன்"னாங்க. முட்டிக்குக் கீழே எலும்பை உள்பக்கத்துல இருந்து அறுத்து, கொஞ்சம் திறந்து, பிளேட் வச்சு ஸ்க்ரூ போடுவாங்களாம். முழுசா அறுக்கமாட்டாங்க. வெளி ஓரத்துல ஒரு இழை விட்டு வைப்பாங்க, கதவுக்குக் கீல் மாதிரி. அந்தக் கீல் உடையக்கூடாது. திறக்கிற அளவு குறைஞ்சா வலி திரும்பி வரும். கூடிப்போனா நல்லா இருக்கிற பக்கமும் கெட்டுப்போகும்.

"நல்லா வருமா டாக்டர்?"னு கேட்டேன்.

"என் கையில பாதி இருக்கு. மீதி உன்கிட்ட. வயசு சரி, முட்டி நல்லா மடங்குது, அதெல்லாம் உனக்குச் சாதகம். எடையைக் குறைக்கணும். நான் சொல்ற வரைக்கும் கால்ல பாரம் போடக்கூடாது. பயிற்சியை விடக்கூடாது. சிகரெட் பிடிக்கிறியா?"

இல்லைன்னு சொல்ல வாய் வந்தது. "பிடிக்கிறேன்"னேன்.

"அப்ப எலும்பு ஒட்டாது. விட்டுட்டு வா, அப்புறம் தேதி தரேன்."

விட்டுட்டேன். கண்டக்டர் தம் அடிக்கும்போது வேற பக்கம் திரும்பிக்கிறேன். கீழ்வீட்டுத் தையல்காரிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வரப்போறா. பிறத்தியாள் என்னைக் கழிவறைக்குத் தூக்கிட்டுப் போகணும், கூடப்பொறந்தவன் காதைக் கடிச்சுக்கிட்டு உள்ள கிடக்கணும். நல்லா இருக்குடா நம்ம குடும்பம்.

நீ வெளிய வந்தா இங்க வராதே. வேற இடம் பார்த்துக்கோ.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

வரலை. நீ சொன்னா வரலை.

ஆனா அந்த எலும்பு விஷயம் என்னைத் தூங்கவிடலை. ஆயிரம் ஆட்டுக்கால் உடைச்சவன் நான். அந்த இடத்துல எலும்பு எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியும். மேல பஞ்சு மாதிரி, கீழ போகப் போக இறுகிக்கிட்டே போகும். அவசரமா அடிச்சா நேரா வெட்டாது, சில்லு சில்லா தெறிக்கும். உன் காலை நினைச்சதும் கையெல்லாம் வேர்த்துடுச்சு. சிரிக்காதே.

நீ சிகரெட்டை விட்டேன்னு எழுதினதை நாலு தடவை படிச்சேன். அப்பா செத்தப்பகூட நீ விடலை. சரி, நீ அதை விட்டா நான் இதை விடறேன். கை ஓங்கமாட்டேன். லாரிக்காரன் தம்பி என் தட்டுல துப்பினாலும் சரி. நீ நம்பமாட்டேன்னு தெரியும். நம்பாமலே இரு, நான் செஞ்சு காட்டறேன்.

தையல்காரி அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லு. தூக்குறப்ப கால் ஆடாம பிடிக்கச் சொல்லு.

தம்பி


மார்ச் 20

தம்பி,

வெட்டியாச்சு.

இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டாங்க. வலி இல்லை, ஆனா சத்தம் கேட்டுது. ரம்பச் சத்தம், அப்புறம் சுத்தியல். ஒவ்வொரு அடிக்கும் என் தோள் குலுங்குது. நடுவுல டாக்டரம்மா "மெல்ல, மெல்ல, கீல் பத்திரம்"னு யார்கிட்டயோ சொன்னாங்க. நான் மூச்சை அடக்கிக்கிட்டேன், ஏதோ என் மூச்சுலதான் அது உடையப்போகுதுங்கற மாதிரி. முடிஞ்சதும் என் முகத்துக்கு நேரா வந்து, "உடையலை. நினைச்ச அளவுக்கு வந்திருக்கு"ன்னாங்க. அழுதுட்டேன்.

மரப்பு விட்டதும் வந்த வலியை எழுத எனக்குத் தெரியலை. தையல்காரி கையைக் கடிச்சுட்டேன். நமக்கு ரத்தத்துலயே இருக்கு போல, கடிக்கிறது.

இப்ப வீட்டுல. ரெண்டு ஊன்றுகோல். இடது கால் தரையைத் தொடலாம், ஊணக்கூடாது. தினமும் நாற்காலியில உக்காந்து காலை நீட்டி மடக்குறேன். முதல் தடவையா கால் நேரா இருக்குடா. வேற யாரோட காலோன்னு தோணுது. சும்மா பார்த்துக்கிட்டே இருக்கேன்.

சிகரெட் இல்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

அவசரமா எழுதறேன்.

குளிக்கிற இடத்துல என்னைப் பிடிச்சாங்க. லாரிக்காரன் தம்பியும் அவன் கூட்டாளி ரெண்டு பேரும். சோப்பைத் துணியில கட்டி அடிச்சாங்க. நான் தலையை மூடிக்கிட்டு மூலையில குந்திக்கிட்டேன். கை ஓங்கலை, அக்கா. கையை அக்குள்ள இறுக்கி வச்சுக்கிட்டேன். அதுக்குப் பட்ட பாடு அடிக்குப் படலை. விலா ரெண்டு விரிசல்னு சொல்றாங்க. மூச்சு விட்டா உள்ள கண்ணாடித்தூள் இருக்கற மாதிரி இருக்கு.

அது போகட்டும். அவன் போகும்போது குனிஞ்சு சொன்னான். "உன் அக்காவுக்குக் காலை நிமிர்த்தியிருக்காங்களாம். எங்க அண்ணன் பார்க்கப் போறான்."

வார்டர்கிட்ட சொன்னேன். "எழுதிக் குடு"ங்கறார். எழுதிக் குடுத்துட்டேன். நீ இன்னிக்கே தையல்காரி அக்கா வீட்டுக்குப் போயிடு. கதவைச் சாத்தி வை. தயவுசெஞ்சு.

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

உன் கடிதம் நேத்து வந்தது. அவன் அதுக்கு முன்னாடியே வந்துட்டான்.

அங்க வர்ற கடிதம் எல்லாத்தையும் அதிகாரிங்க பிரிச்சுப் படிப்பாங்கன்னு நீ சொல்லியிருக்க. படிக்கட்டும். நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

மத்தியானம். புழுக்கம்னு கதவைத் திறந்து வச்சிருந்தேன். நாற்காலியில உக்காந்து காலை நீட்டி மடக்கிக்கிட்டிருந்தேன். நிழல் விழுந்தது. தையல்காரின்னு நினைச்சு, "தண்ணி ஒரு சொம்பு குடு"ன்னேன். உள்ள வந்து கதவைச் சாத்தினான். இளைச்சுப் போயிருந்தான். வலது கை மடங்கி, சூம்பி, நெஞ்சோட ஒட்டிக்கிட்டிருந்தது.

"எந்தக் கால்?"னு கேட்டான்.

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கிட்டேன்.

"எந்தக் காலை வெட்டுனாங்க? சொல்லிடு. தப்பான காலை ஒதைக்கக்கூடாது பாரு."

கட்டு தெரிஞ்சுதே, தெரிஞ்சுகிட்டேதான் கேட்டான். நான் ஊன்றுகோலை எடுக்கறதுக்குள்ள ஒதைச்சான். சரியா அந்தத் தையல் மேலேயே. உள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், சுள்ளி ஒடியற மாதிரி. அதைக் கேட்டதும் எனக்குள்ள எல்லாம் நின்னுபோச்சு. டாக்டரம்மா பத்திரம்னு சொன்ன கீல் அதுதான்னு புரிஞ்சுபோச்சு.

ரெண்டாவது ஒதைக்குக் காலைத் தூக்கினான். ஊன்றுகோலை அவன் கழுத்துக்கு நேரா குத்தினேன். தடுமாறினான். மேஜை மேல இஸ்திரிப்பெட்டி இருந்தது. எடுத்து முகத்துல வீசினேன். வயரைப் பிடிச்சு இழுத்து மறுபடி கையில எடுத்தேன். அவன் விழுந்தான்.

அவன் விழுந்ததோட நான் நிறுத்தலை. நானும் கீழ இறங்கி, காலை இழுத்துக்கிட்டே அவன் மேல ஏறி, ரெண்டு கையாலயும் இஸ்திரிப்பெட்டியைப் பிடிச்சு அடிச்சேன். அவன் ஒரு கையால முகத்தை மூடினான். இன்னொரு கைதான் வராதே. மூடாத பக்கத்துல அடிச்சேன். "போதும்மா"ன்னான். அம்மான்னான் என்னை. அதுக்கப்புறமும் அடிச்சேன். தையல்காரி வந்து என் தலைமயிரைப் பிடிச்சு இழுக்கற வரைக்கும்.

தாடை ரெண்டா போயிடுச்சு. ஒரு கண்ணு வராதுன்னு சொல்றாங்க. உயிர் இருக்கு.

இத்தனை வருஷத்துல எனக்கு அன்னிக்கு மாதிரி சந்தோஷமா இருந்ததில்லை. நீ ஏன் அப்படிப் பண்ணினேன்னு இப்பதான் புரியுது. நம்ம ரெண்டு பேருக்கும் இனி சண்டை இல்லை.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சு முடிச்சதும் வாந்தி எடுத்தேன்.

அவன் உன் வீட்டுக்குள்ள வந்தான், ஒதைச்சான், நீ அடிச்சே. அதுல எனக்கு ஒரு சொல்லும் இல்லை. நான் இருந்திருந்தா அவன் படி ஏறியிருக்கமாட்டான். ஆனா விழுந்த பிறகு அடிச்சியே, அது வேற. எனக்கு அது தெரியும். நான் முதல் வெட்டு போட்டப்பவே அவன் வச்சிருந்த கத்தி கீழ விழுந்துடுச்சு. சண்டை முடிஞ்சுபோச்சு. அப்புறம்தான் நான் கத்தியைத் திருப்பிப் பிடிச்சு, அவன் கையைக் கறி வெட்டற கட்டை மேல வச்சு, ஒவ்வொரு விரலா போனேன். அப்ப எனக்கு உன் ஞாபகமே இல்லை. உனக்காகப் பண்ணினேன்னு கோர்ட்டுல சொன்னது பொய். இனிச்சது, அதனால பண்ணினேன்.

அந்த இனிப்பு போகாது, அக்கா. அதுதான் ஆபத்து. சாப்பாட்டு வரிசையில அந்தக் காது என் வாய்க்குள்ள வந்தது அதனாலதான். யார் என்ன சொல்வான், எப்ப சொல்வான்னு உடம்பு காத்துக்கிட்டே இருக்கும். நீ பஸ் ஓட்டறவ. தினமும் நூறு பேர் உன்கிட்ட கத்துவான். நினைச்சுப் பாரு.

சண்டை இல்லைன்னு எழுதியிருக்க. இந்த மாதிரி சமாதானம் எனக்கு வேண்டாம். நீ என்னைத் திட்டற அக்காவாவே இரு.

கால் என்ன ஆச்சு? அதை எழுதவே இல்லையே.

தம்பி


மே 5

கால்தானே? சொல்றேன்.

கீல் உடைஞ்சுபோச்சு. பிளேட் மட்டும் தாங்கிக்கிட்டிருக்கு. மறுபடி வெட்டாம பார்க்கலாம்னு சொல்றாங்க. இனி தரையைக்கூடத் தொடக்கூடாது. ஒட்டுமா ஒட்டாதான்னு கேட்டா, "பார்ப்போம்"கறாங்க. முன்ன எல்லாத்துக்கும் விளக்கம் சொன்ன டாக்டரம்மா இப்ப ஒரே வார்த்தையில நிறுத்திக்கிறாங்க.

நீயா எனக்குப் புத்தி சொல்றது? காதைக் கடிச்சவன்? உன்னாலதான் அவன் என் வீட்டுக்கு வந்தான். உன்கிட்ட நியாயம் கேட்டு நான் எழுதலை.

சிகரெட் வாங்கி வரச் சொன்னேன். தையல்காரி மாட்டேன்னுட்டா. கண்டக்டர் வாங்கி வந்தான். போதுமா?


மே 19

அக்கா,

போதாது. இன்னும் திட்டு. ரெண்டு பக்கம் எழுது.

நீ சொன்னது சரிதான், என்னாலதான் வந்தான். நான் இல்லேங்கலை.

இங்க ஒரு சேதி. லாரிக்காரன் தம்பிக்கு அண்ணனோட கண்ணு போன விஷயம் வந்தது. என்னைத் தேடி வருவான்னு சுவரோட ஒட்டி உக்காந்திருந்தேன். வந்தான். அடிக்கலை. பக்கத்துல உக்காந்து அழுதான். பாதிக் காதோட ஒருத்தன் என் பக்கத்துல உக்காந்து அழறான், எனக்கு எங்க பார்க்கறதுன்னு தெரியலை. "எங்க அண்ணன் இனிமே ஒரு பொத்தான்கூட ஒழுங்கா போடமுடியாது, அதைச் சரியா பார்க்கவும் முடியாது"ன்னான். நான் எழுந்து போகலை.

அந்தப் பாக்கெட்டைத் திறந்துட்டியா? திறந்திருந்தாலும் மிச்சத்தைத் தூக்கிப் போடு. பாதி உன்கிட்டன்னு டாக்டரம்மா சொன்னாங்களே. அந்தப் பாதியை நீயே ஒதைச்சு உடைக்காதே.

தம்பி


செப்டம்பர் 8

தம்பி,

நாலு மாசமா பதில் போடலை. போட மனசு வரலை.

அந்தப் பாக்கெட்ல ரெண்டுதான் பிடிச்சேன். உன் கடிதம் வந்த அன்னிக்கு மிச்சத்தைத் தண்ணியில போட்டேன். உனக்காக இல்லை. எக்ஸ்ரேல அந்த வெட்டு இன்னும் கறுப்பாவே தெரிஞ்சது, பயந்துட்டேன்.

ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் எனக்குச் சாதகமாத்தான் எழுதி வச்சிருந்தார். வீடு புகுந்து தாக்கினான், தற்காப்புக்கு அடிச்சேன்னு. கையெழுத்துப் போடச் சொன்னார். "விழுந்த பிறகும் அடிச்சேன், அதையும் எழுதுங்க"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "இது உங்க தலையில நீங்களே கல்லைப் போட்டுக்கிறது"ன்னார். "என் தலைதானே, எழுதுங்க"ன்னேன். எழுதினார். ஜாமீன் கிடைச்சது, கேஸ் நடக்குது. என்ன வரும்னு வக்கீலுக்கும் தெரியலை.

கோர்ட் வராண்டாவுல அவனைப் பார்த்தேன். அவன் பெண்டாட்டி கையைப் பிடிச்சுக் கூட்டிவந்தா. என் ஊன்றுகோல் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டான். முகத்தைத் திருப்பி, நல்ல கண்ணால என்னைத் தேடினான். "என் கையை உன் தம்பி எடுத்தான். கண்ணை நீ எடுத்தே. உங்க வீட்டுல இன்னும் யார் பாக்கி?"ன்னு கேட்டான்.

"யாரும் இல்லை"ன்னேன். "நீ என் முட்டியை ஒதைச்சதை ஸ்டேஷனோட விட்டிருந்தா போதும். அதோட முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்"னான் அவனும். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்த பார்வையை மட்டும் எழுதமாட்டேன்.

கால் ஒட்டிடுச்சு. தாமதமா ஒட்டினது, நினைச்ச அளவுல இருந்து கொஞ்சம் உள்பக்கமா சாய்ஞ்சு ஒட்டியிருக்கு. "பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடும்னு முதல்ல சொன்னேன். இப்ப அப்படி உறுதியா சொல்லமாட்டேன். எடையைக் கூட்டாதே, பயிற்சியை விடாதே, புகையைத் தொடாதே. வலி இல்லாத நாளெல்லாம் உனக்கு லாபம்"னு டாக்டரம்மா சொன்னாங்க. மறுபடி நிறையப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதுவே எனக்குத் தெம்பா இருந்தது.

கேஸ் முடியற வரைக்கும் ஓட்டிக்கோன்னு முதலாளி சொல்லிட்டார். திங்கட்கிழமை வண்டியை எடுத்தேன்.

ரெண்டாவது டிரிப்ல ஒரு சரக்கு வேன்காரன் குறுக்க வெட்டி என் கண்ணாடியை உடைச்சான். அவனே இறங்கி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, சட்டையைப் பிடிச்சு, "பொம்பளைக்கெல்லாம் எதுக்குடி ஸ்டியரிங்"னு கன்னத்துல அறைஞ்சான். பஸ் நிறைய ஜனம். எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. சீட் பக்கத்துல வீல் ஸ்பேனர் கிடந்தது. நீ எழுதினியே, உடம்பு காத்துக்கிட்டே இருக்கும்னு. அப்படியேதான். நான் நினைக்கறதுக்கு முன்னாடி அது என் கையில இருந்தது. அவன் மண்டையில எந்த இடம்னுகூடக் கண்ணு பார்த்து வச்சுடுச்சு. வாயில அந்த இனிப்பு ஊறினது.

கண்டக்டரைக் கூப்பிட்டேன். "இந்தா, இதைக் கொண்டுபோய்க் கடைசி சீட்டுக்கு அடியில போடு." அவன் வாங்கிக்கிட்டு ஓடினான். வேன்காரன்கிட்ட, "உன் நம்பரைக் குறிச்சாச்சு. இறங்கு, இவங்க வேலைக்குப் போகணும்"னேன். காறித் துப்பினான். முகத்துல விழுந்தது. துடைச்சேன். கதவைச் சாத்தினேன்.

கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கின பிறகு எனக்கு உதறல் எடுத்துடுச்சு. பல்லு அடிச்சுக்கிட்டது. கண்டக்டர் டீ கொண்டுவந்தான், டம்ளரைப் பிடிக்க முடியலை, அவனே பிடிச்சுக் குடிக்க வச்சான். அடி வாங்கிட்டு வந்துட்டோமேன்னு அவமானமா இருக்கும்னு நினைச்சேன். தேடிப் பார்த்தேன், இல்லை.

நீ வெளிய வந்ததும் நேரா வீட்டுக்கு வா. சாவி தையல்காரிகிட்ட இருக்கும். எனக்கு உள்ள போற தீர்ப்பு வந்துட்டா, நீ வீட்டைப் பார்த்துக்கோ. வரலைன்னா ரெண்டு பேரும் பார்த்துப்போம்.

உதறல் நின்னதும் பசிச்சது. ஏப்ரல்ல இருந்து எனக்கு அப்படிப் பசிச்சதே இல்லைடா. ரெண்டு பன்னை டீயில முக்கித் தின்னுட்டு, அடுத்த டிரிப்புக்கு வண்டியைக் கிளப்பினேன்.

அக்கா